ஒதுக்கீடு

பெயர்ச்சொல். ‘ஒதுங்கு’ தன்வினை, ‘ஒதுக்கு’ அதன் பிறவினை. முறையீடு, வெளியீடு போல ‘ஈடு’ சேர்ந்து ஒதுக்கீடு ஆயிற்று.

பொருள் இரண்டு: விலக்கித் தள்ளுவதும் ஒதுக்குவதே, ஒருவருக்கென எடுத்துவைப்பதும் ஒதுக்குவதே. முதல் வகைக் கொடுமைக்கு இரண்டாவதை மருந்தாக்கியது, அரசு வேலைகளில் வகுப்புவாரிப் பங்கு தந்த 1921 சென்னை மாகாண ஆணை. இன்று தமிழ்நாட்டில் இந்த ஒதுக்கீடு 69 விழுக்காடு.

ஓசூரை அடுத்த கெலமங்கலம் வட்டாரத்துத் தனியார் ஆலைகளை இந்த அரசு ஒதுக்கீடு கட்டுப்படுத்தாது. எனவே அங்கே ‘உள்ளூர் ஒதுக்கீடு’ என்ற கோரிக்கை. இதே வகையில் 2024 ஜூலையில் கர்நாடக அரசு தனியார் வேலைகளில் உள்ளூராருக்கு 50 முதல் 70 விழுக்காடு ஒதுக்க மசோதா கொண்டுவந்து, எதிர்ப்பு எழவே நிறுத்திவைத்தது. பெங்களூரில் பிழைக்கும் ஓசூர்ப் பக்கத்தாருக்கு அது கதவடைப்பாகியிருக்கும்.

ஆலைகளுக்கு நிலம் தந்த ஊருக்கு முன்னுரிமை நியாயம். வடக்கிலிருந்து வேலை தேடி வருபவரைத் துரத்துவது, இச்சொல்லின் பழைய கொடுமையைப் புதுப்பிப்பதே.