யானைக்கால் நோய்: தெர்மோகோல் உருண்டை முதல் மூன்று மாத்திரை வரை

ஒரு தலைமுறைக்கு முன்பு புதுச்சேரியிலும் தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களிலும் கால் வீங்கி நடப்பவரைத் தெருவில் பார்ப்பது அதிசயம் இல்லை. யானைக்கால் உயிரை எடுக்கும் நோய் அல்ல. ஆனால் வேலையை எடுத்துவிடும், கல்யாணத்தைத் தள்ளிப் போடும், கோயில் திருவிழாவிலும் ஓரமாக உட்கார வைத்துவிடும்!

இந்த நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. நம் உடலில் நிணநீர்க் குழாய்களில் தங்கிப் பல ஆண்டுகள் வாழும். அது ஈனும் நுண்புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் அதிகமாக உலவும். அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாக வந்து விரலில் இரத்தம் எடுப்பார்கள். கொசு இதைப் பரப்புகிறது என்பதற்கான வழியை 1877-ல் சீனாவில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவர் கண்டறிந்தார். நம் ஊர்ச் சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் இங்கே குற்றவாளி.

இந்திய அரசு 1955-ல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இருபது ஆண்டு கழித்து, 1975-ல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியில் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுப் பகுதியில்தான் இந்த மையமும் இருக்கிறது.

மையத்தின் இயக்குநராக இருந்த பி.கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. மருந்து அடிப்பதை மட்டும் நம்பாமல், கொசு பிறக்கும் இடத்தையே ஒழிப்பதுதான் திட்டம். அடைத்த சாக்கடைகளைச் சீர் செய்தார்கள். கிணறுகளில் மீன் விட்டார்கள். பயன்படாத கிணற்றுத் தண்ணீரின் மேல் தெர்மோகோல் உருண்டைகளைப் பரப்பினார்கள். மேலே வந்து மூச்சு விட முடியாமல் கொசுப்புழு செத்துவிடும். எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்! கொசுக்கடி வெகுவாகக் குறைந்தது. ஆனால் மனித உடலில் இருக்கும் புழு சில ஆண்டுகள் காத்திருக்கக் கூடியது. கொசு ஒழிப்பு தளர்ந்தால் நோய் திரும்பிவிடும். ஆகவே உடலுக்குள் இருக்கும் புழுவையும் தாக்க வேண்டும் என்பது தெளிவானது.

அதே காலத்தில் காரைக்காலில் வேறொரு சோதனை நடந்தது. 1982 முதல் 1986 வரை டி.இ.சி. என்ற மருந்தைச் சமையல் உப்பில் கலந்து மக்களுக்குக் கொடுத்தார்கள். தனியாக மாத்திரை விழுங்கத் தேவையில்லை, குழம்பிலேயே மருந்து! இரத்தத்தில் நுண்புழு உள்ளவர்களின் விகிதம் பெருமளவு சரிந்தது.

பிறகு வந்தது, ஆண்டுக்கு ஒரு முறை ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுக்கும் முறை. புதுச்சேரி மையத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களை மூன்று பிரிவாக்கி, ஒன்றில் டி.இ.சி., ஒன்றில் ஐவர்மெக்டின், மற்றொன்றில் மருந்தில்லா மாத்திரை என்று கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்து கொடுத்த ஊர்களில் நோய்ப் பரவல் நன்றாகக் குறைந்தது. 2004 முதல் நாடு தழுவிய அளவில் மாத்திரை வழங்கப்பட்டது. பின்னர் அல்பெண்டசோலும் சேர்ந்தது.

இதற்குப் பொருளாதாரக் கணக்கும் உண்டு. நோயுற்ற நெசவாளர்களின் உற்பத்தி கால் பங்குக்கு மேல் குறைகிறது என்று தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. கூலிக்கு நெய்பவர் வீட்டில் கால் பங்கு குறைந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அண்மைய முன்னேற்றம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது. ஐவர்மெக்டின், டி.இ.சி., அல்பெண்டசோல் ஆகியவற்றை ஒன்றாகக் கொடுப்பது பாதுகாப்பானதா என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 26,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். இந்தியாவில் அது கர்நாடகத்தின் யாத்கிர் மாவட்டத்தில், புதுச்சேரி மையத்தின் பொறுப்பில் நடந்தது. பாதுகாப்பானது என்ற முடிவு 2019-ல் வெளியானது. இந்தியா 2018-லேயே சில மாவட்டங்களில் இம்முறையைத் தொடங்கியிருந்தது. இலங்கை 2016-ல், யானைக்கால் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது. இந்தியாவின் இலக்கு 2027.

புதுச்சேரியில் பரவல் மதிப்பீட்டுச் சோதனைகளில் தேறியதால் ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுப்பது நிறுத்தப்பட்டது. இது பெரிய வெற்றி. ஆனால் மாத்திரை புழுவைத்தான் குறைக்கும். முற்றிய வீக்கத்தை அது வற்ற வைக்காது. ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்குத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவுதல், ஈரம் போகத் துடைத்தல், விரலிடுக்குப் புண்ணுக்கு உடனே வைத்தியம், காலை உயர்த்தி வைத்தல் ஆகியவைதான் துணை. இவை தவறினால் காய்ச்சலும் வலியும் திரும்பத் திரும்ப வரும்.

வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் வழியில் உள்ள கரிக்கலாம்பாக்கம் போன்ற ஊர்களின் மருத்துவர்களுக்கு மிஞ்சியிருக்கும் வேலை இதுதான். புதிய நோயாளி வராமல் கண்காணிப்பது ஒன்று. பழைய நோயாளியை மறக்காமல் இருப்பது மற்றொன்று. நோய் ஒழிந்தது என்று விழா எடுக்கும் நாளிலும் வீங்கிய காலோடு ஒருவர் வரிசையில் நிற்பார். அவருக்கும் சேர்த்துத்தான் அந்த வெற்றி.