அம்மா போட்ட கையெழுத்து

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஃபாரத்தை நீட்டுவார்களே, அதை எப்போதாவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? 'இங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணு' என்பார்கள். போட்டுவிடுவோம். பேஷன்ட் மயக்கத்தில் இருந்தால் அம்மாவோ மச்சானோ போடுவார்கள். போதாதா?

போதாது என்கிறது சுப்ரீம் கோர்ட்.

டெல்லியில் 1995 மே மாதம். 44 வயதுப் பெண்மணி ஒருவர் அதிக உதிரப்போக்கு என்று டாக்டரிடம் போகிறார். லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்க மயக்க மருந்து கொடுக்கிறார்கள். உள்ளே பார்த்த டாக்டருக்கு, கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது நல்லது என்று படுகிறது. வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். மகள் கண் விழித்தபோது கர்ப்பப்பையும் இல்லை, சினைப்பைகளும் இல்லை.

2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளிந்ததும் அவரையே கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் கையெழுத்து செல்லாது. டாக்டருக்கு ஃபீஸ் கிடையாது. நஷ்ட ஈடு 25,000 ரூபாய். அவர் கேட்டது 25 லட்சம்!

சரி, டாக்டர் எவ்வளவு சொல்ல வேண்டும்? சிகிச்சை என்ன, எதற்கு, பலன் என்ன, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, வேண்டாம் என்றால் என்ன ஆகும்... பட்டியலே போட்டது கோர்ட். ஆனால் அளவுகோல் பிரிட்டனுடையது. மற்ற டாக்டர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்வார்களோ, அவ்வளவு சொன்னால் போதும். வேடிக்கை என்னவென்றால், 2015-ல் பிரிட்டன் கோர்ட்டே அதைக் கைவிட்டுவிட்டது. சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணி ஒருவருக்கு, குழந்தையின் தோள் சிக்கும் ஆபத்து நூற்றுக்கு ஒன்பது பத்து என்பதை டாக்டர் சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பார்களாம்! குழந்தை பாதிக்கப்பட்டது. அந்த நோயாளிக்கு எது முக்கியமோ அதைச் சொல்லியாக வேண்டும் என்றார்கள் நீதிபதிகள்.

இந்த வேலையைத்தான் இப்போது இணையம் செய்யப் பார்க்கிறது. கனடாவின் ஒட்டாவா ஆஸ்பத்திரி ஆராய்ச்சி நிலையத்தின் தளத்தில் நோய்வாரியாகப் பக்கங்கள் உண்டு. ஆபரேஷனா, மாத்திரையா, பொறுத்திருப்பதா? ஒவ்வொன்றின் நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம். பி.காம். படித்தவனுக்குப் பற்று வரவு மாதிரியே தெரிகிறது! கடைசியில், 'உங்களுக்கு எது முக்கியம்?' என்று கேட்கிறது. டாக்டர் முன்னால் அதை வைத்துக்கொண்டு பேசலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஒடிசா தொழிலாளிக்கு அந்த இங்கிலீஷ் பக்கம் எதற்கு ஆகும்? ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அவர் கையில் இருப்பது செல்போன். 2020-ல் பொதுமக்களுக்குத் திறந்த ஈ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கலாம், இலவசம். அதே வருஷம் வந்த தொலை மருத்துவ விதிகளின்படி, நோயாளி தானே கூப்பிட்டால் அதுவே சம்மதம்.

அந்தச் சம்மதம் பேசுவதற்கு மட்டும்தான், கத்திக்கு அல்ல. எனவே 'ஆபரேஷன் பண்ணிடலாம்' என்று சொன்னால், போனை வைப்பதற்குள் இரண்டு கேள்வி கேளுங்கள்: வேற வழி இருக்கா சார்? பண்ணலைன்னா என்ன ஆகும்?