கலத்துக்குள் கலம்

மணலி புதுநகரில் குடியிருப்பவர்களுக்குக் கொள்கலன் என்பது விளக்கம் வேண்டாத பொருள். ஆண்டார்குப்பம் பக்கம் டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அவற்றின் முதுகில் 20 அடியும் 40 அடியுமாக இரும்புப் பெட்டிகள். கல்லூரிக்குப் பேருந்தில் போகும் என்னைப் போன்றவர்கள் அவற்றின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அயல்நாட்டுப் பெயர்களைப் படித்தே பாதி வழியைக் கழித்துவிடுவோம். அந்தப் பெட்டியின் பெயரில் வேறொன்று என் மேசைக்கணினிக்குள் வந்து சேர்ந்த கதையும், அதன் பின்னே இருக்கும் சற்று நீளமான வரலாறும் இக்கட்டுரை.

எங்கள் தமிழ்த்துறையில் பழைய சிற்றிதழ்களின் தொகுதிகள் சில உள்ளன. தாள் பொடிந்து உதிர்வதற்குள் அவற்றை வருடிப் படங்களாக்கிவிட்டோம். படத்தை எழுத்தாக்க டெசராக்ட் என்னும் கட்டற்ற எழுத்துணரி இருக்கிறது. 1985இல் எச்பி நிறுவனத்தில் தொடங்கப்பட்டு, 2005இல் பொதுவுடைமையாக வெளியிடப்பட்டது அது. முன்னாள் மாணவி ஒருவர் அதையும், அதற்குத் துணையான நிரல்களையும், தமிழுக்கான தரவுக் கோப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டி, "ஐயா, இது டாக்கர் கன்டெய்னர். எந்தக் கணினியிலும் அப்படியே ஓடும்" என்று தந்தார். விண்டோஸ் கணினியில் ஓட்டினேன். ஓடியது. ஆனால் ஓட்டத் தொடங்கியதும் கணினி மூச்சுத் திணறியது. எந்த நிரல் நினைவகத்தை விழுங்குகிறது என்று பார்த்தால், நான் நிறுவியதாக நினைவே இல்லாத 'விஎம்மெம்' என்னும் பெயர் முதலிடத்தில் நின்றது. உள்ளே முழு லினக்ஸ் ஒன்று விழித்திருந்தது. பெட்டியைத்தானே கேட்டேன், கப்பல் எங்கிருந்து வந்தது?

முதலில் மெய்யான பெட்டி. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளியின் ஐடியல் எக்ஸ் கப்பல் 58 பெட்டிகளுடன் நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மூட்டை மூட்டையாக ஏற்றினால் டன்னுக்கு 5.86 டாலர் ஆன செலவு, பெட்டியாக ஏற்றியதில் 16 சென்ட்டுக்கு இறங்கியது என்பது அக்காலக் கணக்கு. சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன்களுக்கென்றே தனி முனையம் 1983 டிசம்பரில் இந்திரா காந்தியால் திறந்து வைக்கப்பட்டது. முதுகில் மூட்டை சுமந்த தொழிலாளியின் வேலையைப் பளுதூக்கி எடுத்துக்கொண்டது. இராயபுரத்தின் பழைய குடும்பங்களில் இக்கதையைச் சொல்ல இன்றும் ஆட்கள் உண்டு.

2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் அறிமுகப்படுத்திய மென்பொருளுக்கு 'டாக்கர்' என்று பெயர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பொருள் துறைமுகச் சுமைதூக்குபவர். பெட்டி எந்தத் தொழிலாளியை வேலையிழக்கச் செய்ததோ, அவன் பெயரே பெட்டிகளை இயக்கும் மென்பொருளுக்கு வாய்த்தது. பெயர் வைத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்திருப்பார்களா என்று எனக்கு ஐயம்தான்.

ஆனால் டாக்கர் இந்தப் பெட்டியைக் கண்டுபிடிக்கவில்லை. 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில் 'சிஎச்ரூட்' என்றொரு வசதி வந்தது. ஒரு நிரலை ஓர் அடைவுக்குள் நிறுத்தி, உலகமே இவ்வளவுதான் என்று அதை நம்பவைப்பது அதன் வேலை. 2000இல் ஃப்ரீபிஎஸ்டியில் இன்னும் உறுதியான 'சிறை' வந்தது. 2006இல் கூகிள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும், ஒரு நிரல்கூட்டம் இவ்வளவு நினைவகத்துக்கும் இவ்வளவு செயலித்திறனுக்கும் மேல் எடுக்கக்கூடாது என்று லினக்ஸில் அளவு போடத் தொடங்கினர். அதற்கு முதலில் வைத்த பெயரே கொள்கலன்தான். அச்சொல் ஏற்கெனவே பல பொருளில் புழங்கியதால், 'கட்டுப்பாட்டுக் குழுக்கள்' என மாற்றி 2008 ஜனவரியில் லினக்ஸின் கெர்னலில் சேர்த்தார்கள். நினைவகத்துக்கு வரம்பிடும் பகுதியை எழுதியவர் அப்போது ஐபிஎம்மின் இந்தியப் பிரிவில் இருந்த பல்பீர் சிங்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. வன்பொருளோடு நேரில் பேசுவது அது ஒன்றே. மேலே சொன்ன ஏற்பாடுகள் அனைத்தும் கெர்னல் செய்யும் கண்கட்டு வித்தைகள். கணினிக்குள் உண்மையில் பெட்டி என்று ஒன்றும் கிடையாது. ஒரே கெர்னல், ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி உலகத்தைக் காட்டுகிறது, அவ்வளவே. அதனால்தான் மென்பொருள் கொள்கலன் எடையற்றது, நொடியில் எழுவது. லினக்ஸ் பெட்டி லினக்ஸ் கெர்னலை விட்டு அகல முடியாததும் அதனால்தான். "எந்தக் கணினியிலும்" என்று அந்த மாணவி சொன்னதில் ஒரு சிறு அடிக்குறிப்பு விடுபட்டுப் போயிற்று.

மெய்நிகர் கணினி வேறு மரபு. 1960களில் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் ஒரே பெருங்கணினியைப் பல கணினிகளாக நடிக்கவைத்தார்கள். 1972இல் அது விஎம்/370 என்று விற்பனைக்கு வந்தது. 1999இல் விஎம்வேர் அதை மேசைக்குக் கொண்டுவந்தது. 2005 முதல் இன்டெலின் செயலிகளே இதற்கு நேரடியாகத் துணைநின்றன. இங்கே ஒவ்வொரு விருந்தாளிக்கும் சொந்தக் கெர்னல், சொந்த நினைவகம். பாதுகாப்பானது, ஆனால் கனமானது. கொள்கலன்கள் பரவியபோது, இனி இந்தக் கனம் தேவையில்லை என்றுதான் பலரும் பேசினார்கள்.

நடந்தது வேறு. நிரல் எழுதுவோரில் பெரும்பாலோரின் மேசையில் இருந்தது விண்டோஸ் அல்லது மேக். அவற்றில் லினக்ஸ் கெர்னல் இல்லை. ஆகவே பெட்டியை ஓட்ட ஒரு சிறு லினக்ஸை மெய்நிகர் கணினியில் எழுப்ப வேண்டியதாயிற்று. டாக்கர் வந்த சில மாதங்களிலேயே பூட்டுடாக்கர் வந்தது. டைனி கோர் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட அது தொடக்கத்தில் 30 எம்பிக்கும் குறைவு. 5 நொடியில் எழுந்துவிடும். 2016இல் இந்த லினக்ஸைக் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கும் மென்பொருள்கள் வந்தன. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் கெர்னல் இல்லாமலேயே லினக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்ட முயன்றது. லினக்ஸின் ஒவ்வொரு கோரிக்கையையும் விண்டோஸ் மொழிக்கு மாற்றும் முயற்சி அது; மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரிந்த துன்பம்தான். கொள்கலன்களை அதனால் முறையாகத் தாங்க முடியவில்லை. 2019இல் தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல் மெய்யான லினக்ஸ் கெர்னலையே இலகு மெய்நிகர் கணினி ஒன்றில் வைத்துத் தரப்போவதாக அறிவித்து, 2020 மே மாதத்தில் வெளியிட்டது. என் கணினியில் விழித்திருந்தது அதுதான்.

இங்கே தமிழாசிரியனுக்கே உரிய ஓர் இடைச்செருகல். கலம் என்றால் நமக்குப் பாத்திரமும்தான், கப்பலும்தான். உண்கலம், மரக்கலம். ஒரே சொல்லில் இரண்டையும் வைத்துவிட்டார்கள்.

கலத்தை அடக்கவும் வழி இருந்தது. இந்த லினக்ஸ் இயல்பாகக் கணினி நினைவகத்தில் பாதிவரை எடுத்துக்கொள்ளலாம். ஓர் அமைப்புக் கோப்பில் ஒரே வரி எழுதி அதைக் குறைக்கலாம். குறைத்தேன். பிறகும் வேலை ஆமை வேகம். படங்கள் விண்டோஸின் டி டிரைவில் இருந்தன. ஒவ்வொன்றையும் லினக்ஸ் எல்லைகடந்து கேட்டு வாங்கவேண்டியிருந்தது. அவற்றை லினக்ஸின் சொந்தக் கோப்பகத்துக்குள் மாற்றியதும் வேகம் பிடித்தது. சுங்கச்சாவடியில் நிற்கும் லாரியைத் தினமும் பார்க்கிறவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

இந்தக் கலம் வெறும் சுமைதானா? 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அடுத்த சில நாட்களில், அதே வேதிப்பொருள் ஏறத்தாழ 697 டன், 37 கொள்கலன்களில், மணலியின் சரக்குப்பெட்டக நிலையம் ஒன்றில் 2015 முதல் இருந்துவருவதை நாங்கள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டோம். ஏலத்தில் விற்று ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். அதுவரை தினமும் பார்த்த பெட்டிகள் எங்களுக்கு அதன்பின் பழைய பெட்டிகளாக இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, சுவர் எவ்வளவு தடிமன் என்பதே கேள்வி. மென்பொருள் கொள்கலனின் சுவர் மெல்லியது. 2019 பிப்ரவரியில், டாக்கரின் அடியில் இயங்கும் 'ரன்சி'யில் இருந்த ஓட்டையால், தீய நோக்குள்ள ஒரு பெட்டி தன்னைத் தாங்கும் கணினியையே கைப்பற்ற முடியும் என்று தெரியவந்தது. அமேசான் 2018இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் 125 மில்லிநொடிக்குள் எழுவது, 5 எம்பி அளவே கூடுதல் நினைவகம் கேட்பது. 2025இல் ஆப்பிள் தந்த கருவி பெட்டிக்கு ஒன்றாக ஓர் இலகு மெய்நிகர் கணினியை எழுப்புகிறது. விரட்டப்பட்ட கலம் இளைத்துத் திரும்பி வந்திருக்கிறது.

மாணவியிடம் என் இடர்ப்பாடுகளைச் சொன்னேன். சிரித்தார். அவர் அந்தப் பொதியைக் கட்டிச் சோதித்தது தம் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினியில். 2011இல் தொடங்கிய அத்திட்டக் கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவர் இரண்டையும் அழித்துவிட்டு டெபியன் லினக்ஸை நிறுவியிருந்தார். அதில் கெர்னல் ஏற்கெனவே இருப்பதால் நடுவில் கலம் வேண்டியதில்லை. பெட்டி நேராகத் தரையிலேயே ஓடியது. "மெதுவாத்தான் ஐயா ஓடும், ஆனா நிக்காது" என்றார்.

மூன்று ஆண்டுத் தொகுதிகள் இதுவரை எழுத்தாகிவிட்டன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய இதழ்களில் மட்டும், கொம்பு வைத்த பழைய ணை, லை, னை வரும் இடமெல்லாம் எழுத்துணரி தடுமாறுகிறது. அவற்றைக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறோம்.