பூவரசம்பூத் தொண்டர்

பூவரசம்பூவைச் சிங்கள மக்கள் ‘சூரியமல்’ என்பர். வேலியோரத்தில் கேட்பாரின்றி மலர்ந்து உதிரும் இம்மஞ்சட் பூவுக்கு நம் நாட்டின் சுகாதார வரலாற்றில் ஓர் இடமுண்டு என்பதை நேயர்களிற் பலர் அறியார்.

முதலாம் உலகப் போரில் மாண்டோர் நினைவாக ஆண்டுதோறும் நவம்பர் 11 ஆந் தேதி பாப்பி மலர் விற்பது வழக்கம். அப்பணத்திற் பெரும்பகுதி கடல் கடந்து பிரித்தானியாவுக்குச் சென்றது. இது தகாதெனக் கருதிய தென் கொழும்பு இளைஞர் சங்கத்தார், 1933 இல் பாப்பிக்கு எதிராகச் சூரியமலை வீதி வீதியாக விற்றனர். டொரீன் யங், லெஸ்லி குணவர்த்தன முதலியோர் இவ்வியக்கத்தில் முன்னின்றனர். அதே ஆண்டில் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் வேலைநிறுத்தம் மூண்டபோது, தொழிலாளர் பக்கம் நின்றவர்களும் அச்சங்கத்து இளைஞர்களே.

1934 இல் மழை பொய்த்தது. ஆறு வற்றினால் நுளம்பும் ஒழியும் என்றே எவரும் நினைப்பர். நிகழ்ந்ததோ அதற்கு மாறு. ஓடும் நீர் நின்று, மணற்படுகைகளில் குட்டை குட்டையாகத் தேங்கியது; மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு நுளம்புக்கு அதனினும் நல்ல தொட்டில் வேறில்லை. ஈரவலய மக்கள் அந்நோய்க்குப் பழகாதவர். எதிர்க்கும் வலு அவர் உடலில் இல்லை. ஏறத்தாழ 53 இலட்சம் மக்கள் வாழ்ந்த இத்தீவில், 1935 முடிவதற்குள் சுமார் 80,000 பேர் மாண்டனர். கேகாலைப் பகுதி பெருஞ் சேதமுற்றது.

அங்கே சென்றனர் சூரியமல் தொண்டர்கள். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க அவர்களுக்குத் துணை நின்றார். கொயினா கொடுக்கப் போனவர்கள் குடிசைக்குள் நுழைந்ததும் அடுப்பைப் பார்த்தனர், அது எரியவில்லை. காய்ச்சலுக்கு முன்னரே பசி அவ்வுடல்களைத் தின்றிருந்தது. ஆகவே மார்மைட்டை மாத்திரைகளாக உருட்டி மருந்தோடு வழங்கினர். ஆராய்ச்சி செய்யவென்று அவர்கள் போகவில்லை. ஆயினும் வீடு வீடாகக் கண்டு, கண்டதை ஒப்பிட்டு, காரணம் வினவியது ஆராய்ச்சியன்றி வேறென்ன? பஞ்சமும் மலேரியாவும் கூடியே உயிர் குடித்தன என்று பின்வந்த வரலாற்றாய்வாளர் சிலரும் எழுதியுள்ளனர்.

அவர்களுக்கு அரசியல் நோக்கம் இருந்ததே எனின், இருந்தது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936 இல் பிலிப் குணவர்த்தனவும் என். எம். பெரேராவும் அரசாங்க சபை புகுந்தனர். அதனால் அடுப்பு எரிந்ததாகிவிடாது.

மலேரியா 1963 இல் 17 பேர் என்ற அளவுக்குத் தணிந்தது; காவல் தளர்ந்தது; 1969 இல் ஐந்து இலட்சத்தையும் கடந்தது. 2016 செப்டெம்பரிலேதான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. மறு ஆண்டே டெங்கு 1,86,000 பேருக்கு மேற் பற்றியது. டெங்கு நுளம்பு ஆற்றை நாடுவதில்லை. நம் வீட்டுப் பீலியையும் பூச்சாடியையும் நாடுவது. பாடசாலை மாணவரைச் சிரமதானத்துக்கு அழைத்தோம், துடைப்பம் கொடுத்தோம். எண்ணும் வேலையை மட்டும் பெரியவர்களிடமே வைத்துக்கொண்டோம். இது எனக்கு உடன்பாடன்று.

எம் பாடசாலையில் ஒருமுறை கணக்கெடுப்புத் தாளை மாணவர் கையிற் கொடுத்தோம். “முற்றத்தில் நீர் தேங்கியுள்ளதா?” என்பது முதற் கேள்வி. கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து, “முற்றமே இல்லாத வீட்டுக்கு என்ன எழுதுவது, சேர்?” என்றாள். அங்கே நீர் நிற்பது வாசலிலுள்ள பீப்பாயில். வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பு மாணவனோ, மொட்டைமாடிப் பீலியும் மின்தூக்கிக் குழியும் எவர் பெயரிற் சேரும் என்றான். தாளை ஆக்கிய எமக்கு இவை தோன்றவில்லை. அவ்விடங்களில் நாம் வாழவில்லையே.

இதனினும் கடினமான வினா பிறகு வந்தது. 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வீட்டுக்காரருக்குத் தண்டம் விதிக்கலாம். “நான் எழுதினால் பக்கத்து வீட்டு மாமி நீதிமன்றம் போவாவா?” என்று அம்மாணவி கேட்டாள். ஒரு பிற்பகல் முழுதும் மாணவர் அதை விவாதித்தனர். முடிவில் பெயரையும் வீட்டிலக்கத்தையும் நீக்கி, ஒழுங்கையின் பெயரை மாத்திரம் குறிப்பதென்று தீர்மானித்தனர். பீப்பாய்க்கெனத் தனி நிரலொன்றை அம்மாணவியே அடிமட்டம் வைத்து வரைந்தாள். மறுநாட் காலை அந்தத் தாளே அச்சிடப்பட்டது.