அமெரிக்கப் பார்சல் அஞ்சல்: சிக்கனமான வகையைத் தேர்ந்தெடுத்தல்

ஐக்கிய அமெரிக்காவின் அஞ்சல் துறையில் ஒரே பார்சலை நான்கைந்து வகைகளில் அனுப்பலாம். வகை மாறினால் கட்டணமும் மாறும், சில சமயம் இரண்டு மடங்கு வரைகூட. எடை, தூரம், பருமன், உள்ளே இருக்கும் பொருள் ஆகிய நான்கில் எதைப் பார்த்து ஒரு வகைக்குக் கட்டணம் போடுகிறார்கள் என்று தெரிந்தால், எது மலிவு என்பதைப் பெட்டியை ஒட்டுவதற்கு முன்பே கணித்துவிடலாம்.

பார்சல் அஞ்சல் சேவை 1913 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அன்றைய எடை வரம்பு 11 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 5 கிலோ. இன்று 70 பவுண்டு. வரம்பை உயர்த்திய சில ஆண்டுகளிலேயே கட்டண விதியின் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. 1916-இல் யூட்டா மாநிலத்தின் வெர்னல் ஊரில் வங்கிக் கட்டடம் எழுப்பிய வணிகர் கோல்தார்ப், அதன் செங்கற்களைச் சால்ட் லேக் சிட்டியிலிருந்து பார்சல் பார்சலாகத் தபாலில் வரவழைத்தார். இரண்டு ஊர்களுக்கும் நேர்கோட்டுத் தூரம் 150 மைலுக்குள்தான். கட்டணமும் அந்தத் தூரத்துக்கே. ஆனால் செங்கற்கள் ரயிலும் வண்டியும் மாறி 400 மைலுக்கு மேல் சுற்றி வர வேண்டியிருந்தது. அந்தச் செலவு அஞ்சல் துறையின் தலையில் விழுந்தது. அதன் பிறகு ஒருவர் ஒரு முகவரிக்கு நாளொன்றுக்கு 200 பவுண்டுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று விதி வந்தது. சிக்கனம் என்றால் விதியைக் கூர்ந்து படிப்பது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இன்றைய பொதுவான மலிவு வகை கிரவுண்ட் அட்வான்டேஜ். முன்பு தனித்தனியே இருந்த மூன்று சேவைகளை இணைத்து 2023 ஜூலை 9 அன்று இதைக் கொண்டுவந்தார்கள். பார்சல் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாளில் சேரும்; நூறு டாலர் வரை காப்பீடும் உண்டு. ஒரு பவுண்டுக்குக் குறைந்த பார்சலுக்கு அவுன்ஸ் கணக்கு, அதைத் தாண்டினால் பவுண்டு கணக்கு. தூரத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே அக்கம்பக்கத்து ஊருக்கு மலிவாகப் போகும் கனமான பார்சல், நாட்டின் மறுகரைக்குப் போகும்போது கையைக் கடிக்கும்.

அங்கேதான் பிரையாரிட்டி மெயிலின் ஃபிளாட் ரேட் பெட்டி கைகொடுக்கிறது. 2004-இல் அறிமுகமான இப்பெட்டியில் 70 பவுண்டு வரை அடைக்கலாம். உள்நாட்டில் எடைக்கும் தூரத்துக்கும் தனிக் கட்டணம் இல்லை. பெட்டியும் அஞ்சலகத்தில் இலவசம். இரும்புச் சாமான் போலச் சிறியதாகவும் கனமாகவும் இருப்பதைத் தொலைவுக்கு அனுப்ப இது நல்ல வழி. சட்டையையும் துண்டையும் இதில் வைத்து அனுப்புவது வீண் செலவு. பெட்டி இலவசம் என்பதில் மயங்கிப் பலர் செய்வது அதைத்தான்.

பெரிய பெட்டிக்குள் இலேசான பொருளை வைப்பவர்கள் வேறு விதத்தில் இழக்கிறார்கள். ஒரு கன அடிக்கு மேற்பட்ட பெட்டிக்குப் பருமனை எடையாக மாற்றிக் கணக்கிட்டு, உண்மை எடையோடு ஒப்பிட்டு, இரண்டில் அதிகமானதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் பெருக்கி வரும் தொகையை வகுக்கும் எண் 2019-இல் 194-இலிருந்து 166 ஆனது. 18, 14, 12 அங்குலப் பெட்டியின் பெருக்குத்தொகை 3024. பழைய கணக்கில் இது 16 பவுண்டு. 166-ஆல் வகுத்தால் 19 பவுண்டு. உள்ளே இருப்பது இரண்டு தலையணைகளாக இருந்தாலும் இதே கணக்குதான். பொருளுக்கு இறுக்கமாகப் பொருந்தும் பெட்டியைத் தேடுவது சேவை வகையைத் தேடுவதைவிடப் பல நேரங்களில் அதிகம் மிச்சப்படுத்தும்.

புத்தகங்களுக்கு மீடியா மெயிலுக்கு ஈடு இல்லை. 1938-இல் அதிபர் ரூஸ்வெல்ட் நூல்களுக்குப் பவுண்டுக்கு ஒன்றரை சென்ட் என்று ஒரே கட்டணம் அறிவித்ததிலிருந்து வந்த மரபு இது. எடை மட்டுமே கணக்கு. நியூயார்க்கிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போனாலும் கலிஃபோர்னியாவுக்குப் போனாலும் ஒரே விலை. குறைந்தது எட்டுப் பக்கமுள்ள நூல்கள், ஒலிப்பதிவுகள், திரைப்படங்கள் முதலியவை சேரும். விளம்பரம் அச்சிட்ட இதழ்களும் வீடியோ கேம்களும் சேரா. அஞ்சல் ஊழியர் பார்சலைப் பிரித்துப் பார்க்கலாம்; தகாத பொருள் இருந்தால் மிச்சக் கட்டணத்தைப் பெறுபவர் கட்ட நேரலாம். நூலகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் உரிய லைப்ரரி மெயில் இதனினும் சற்று மலிவு. இந்திய அஞ்சல் துறை 2025 மே 1 அன்று தொடங்கிய கியான் போஸ்ட்டும் இதே நோக்கமுடையது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி.

வெளிநாட்டுக்கு அனுப்புவோருக்கு இவ்வளவு வாய்ப்பில்லை. மாதக்கணக்கில் கப்பலில் போன மலிவான தரை, கடல்வழி அஞ்சலை அமெரிக்கா 2007 மே மாதம் நிறுத்திவிட்டது.

எந்த வகையானாலும் கவுன்ட்டரில் வாங்கும் வில்லையைவிட இணையத்தில் வாங்கி அச்சிடும் வில்லை பெரும்பாலும் விலை குறைவு. கிரவுண்ட் அட்வான்டேஜுக்கும் பிரையாரிட்டி மெயிலுக்கும் வணிகக் கட்டணச் சலுகையை இணையவழியே சாதாரண மக்களும் பெறலாம். அப்படி ஒட்டிய பார்சலை, வழக்கமான சுற்றில் வரும் தபால்காரர் வீட்டு வாசலிலிருந்தே எடுத்துச் செல்வார். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.