மரச்சீனி: திருவனந்தபுரத்துப் புரையிடங்களில் ஒரு கிழங்கின் வரலாறு

திருவிதாங்கூரில் மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கைப் பரப்பியவர் விசாகம் திருநாள் ராமவர்மா என்பது கேரள வரலாற்றெழுத்தில் நிலைத்துவிட்ட செய்தி. 1880 முதல் 1885 வரை ஐந்தே ஆண்டுகள் அரியணையில் இருந்த அவர், செடிகொடிகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். வெளிநாட்டு இனங்களை வருவித்துப் பயிரிடச் செய்தார். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அரசர் நட்டுக் காட்டியதால் மட்டும் ஒரு கிழங்கு அடுக்களைக்குள் நுழைந்துவிடாது. அதை நட ஒரு துண்டு நிலம் வேண்டும். அதன் நஞ்சை நீக்கிச் சமைக்கத் தெரிந்த கை வேண்டும். அரிசி கிடைக்காத நெருக்கடியும் வேண்டும். இந்த மூன்றும் திருவனந்தபுரம் வட்டாரத்தில் எப்போது, எப்படிக் கூடின என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. வரலாற்றில் அரண்மனைக்குக் கிடைத்த பெயர், வீட்டைச் சுற்றிய தோட்ட நிலமான புரையிடங்களுக்கும் அவற்றைப் பேணிய பெண்களுக்கும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கிழங்கைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் மலபார்க் கரைக்குக் கொண்டுவந்தனர். அதன்பின் நெடுங்காலம் அது ஒரு மூலைப் பயிராகவே இருந்தது. கிழங்கில் விஷம் இருக்கிறது என்ற அச்சம் பரவலாக இருந்தது. அந்த அச்சத்தைப் போக்க அரசரே தம் உணவில் மரச்சீனியைப் பரிமாறச் செய்தார் என்று திருவனந்தபுரத்தில் ஒரு கதை உண்டு. இன்று ஜவஹர் நகர் எனப்படும் பகுதி முன்பு மரச்சீனிவிளை என்று வழங்கியதாகவும், முதல் பயிர் அங்கே விளைந்ததாகவும் நகரத்தில் சொல்வார்கள். அரசர் உண்ட கதைக்குச் சான்று தேடுவதைவிட, அப்படி ஒரு கதை ஏன் தேவைப்பட்டது என்று கேட்பதே பயனுள்ளது. மக்களின் பயத்தில் நியாயம் இருந்தது.

மரச்சீனியின் தோலிலும் சதையிலும் இலையிலும் லினமாரின் என்னும் பொருள் இருக்கிறது. திசுக்கள் சிதையும்போது அதிலிருந்து சயனைடு பிறக்கும். சதையைவிடத் தோலில் இதன் அளவு மிக அதிகம். பச்சை இலையை மேய்ந்த ஆடுமாடுகள் செத்துவிழுவது இதனால்தான். லினமாரின் சூட்டில் எளிதில் அழிவதில்லை. அதைச் சிதைக்கும் நொதிதான் கொதிநீரில் அழிகிறது. ஆகவே வேகவைப்பதால் நஞ்சு மறைவதில்லை, நீரில் கரைந்து வெளியேறுகிறது. கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டினால்தான் பாதுகாப்பு. இந்த வேதியியலை ஆய்வுக்கூடங்கள் விளக்குவதற்கு முன்பே நெய்யாற்றின்கரையிலும் நெடுமங்காட்டிலும் பெண்கள் இதைச் செய்துவந்தார்கள். கசப்புக் கிழங்கானால் இரண்டாம் முறையும் நீரை மாற்றினார்கள். வடித்த பின்பு தேங்காய், சீரகம், பூண்டு, மஞ்சள், பச்சைமிளகாய் அரைத்துப் போட்டு மசித்தார்கள். அல்லது வெறுமனே அவித்து, காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் உப்பும் சதைத்துத் தேங்காய் எண்ணெய் விட்ட சம்மந்தி என்னும் துவையலோடு தின்றார்கள். கூடவே சாளைக் கறி. நூறு கிராம் கிழங்கில் புரதம் ஏறத்தாழ ஒரு கிராம்தான். அந்தக் குறையை மலிவான சாளை மீன் ஈடுகட்டியது. உடலில் நுழைந்த சிறிதளவு சயனைடைச் செயலிழக்கச் செய்யக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் தேவை; அவையும் மீனில் இருந்தே வந்தன. கடற்கரையும் மேட்டு நிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஒரு நாட்டுக்கு இது வாய்ப்பான கூட்டு. மீன் வாங்க வழியில்லாத வீடுகளில் அது கைகொடுக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

நிலத்தின் கதை வேறு. விசாகம் திருநாளுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1865-இல், பாட்டம் விளம்பரம் என்னும் அரசப் பிரகடனம் வந்தது. சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) வைத்திருந்தவர்களுக்கு அது உரிமையைத் தந்தது. சொந்தமாகிவிட்ட நிலத்தில் முதலும் உழைப்பும் போட மக்கள் துணிந்தார்கள். மேட்டு நிலங்களில் சாகுபடி பெருகியது. திருவனந்தபுரத்தைச் சுற்றி வெட்டுக்கல் மண், சரிவுகள், தென்னந்தோப்புகள். நெல்லுக்கு வேண்டிய தாழ்ந்த வயல்கள் குன்றுகளின் இடுக்குகளில் மட்டும். நெல்லுக்கு ஆகாத இந்த மேட்டு நிலம் மரச்சீனிக்குப் போதும், பாசனம் தேவையில்லை. மேடத்திலோ (சித்திரை) இடவத்திலோ (வைகாசி) மழைக்கு முன்னால் கம்பை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி மண்ணைக் கூட்டி நட்டால், பத்து மாதத்தில் கிழங்கைப் பிடுங்கலாம். துலாம் (ஐப்பசி) மாத மழையை நம்பியும் நடுவார்கள். பிடுங்கிய பின் கம்புகளை ஒரு மரநிழலில் நிமிர்த்திச் சாத்திவைத்தால் அடுத்த நடவுக்கு விதை தயார். விதைக்குக் காசு கிடையாது.

பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துக் கெட்டுவிடும். வியாபாரிக்கு இது பெரிய குறை. ஏழை வீட்டுக்கு இதுவே வசதி. மண்ணிலேயே விட்டுவைத்து, அன்றாடம் ஒரு மூடு (செடி) என்று பிடுங்கிக்கொள்ளலாம். பத்தாயம் இல்லாத வீட்டுக்கு மண்ணே பத்தாயம். கடலில் வலை வீச முடியாத, கூலிவேலை கிடைக்காத கர்க்கடக (ஆடி) மாதத்துக்கென்று, வெயில் காயும் கும்பம், மீனத்திலேயே (மாசி, பங்குனி) கிழங்கை வாட்டி உலர்த்திக் கட்டிவைப்பார்கள். வி. நாகம் ஐயா 1906-இல் திருவிதாங்கூர் மாநிலக் கையேட்டை வெளியிட்டபோது மரச்சீனி ஏழை மக்களின் உணவாக நிலைபெற்றிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு பயிர் இவ்வளவு ஊன்றியது என்றால், அதை அரசாணையால் மட்டும் விளக்க முடியாது.

அதே காலத்தில் திருவிதாங்கூர் தென்னைக்கும் மிளகுக்கும் தேயிலைக்கும் நிலத்தைக் கொடுத்துவிட்டு, அரிசியைக் கப்பலில் எதிர்பார்க்கும் நாடாக மாறிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போது, தேவையான அரிசியில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு பர்மா அரிசி. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அரிசி வரத்து நின்றது. திவான் சி.பி. ராமசாமி ஐயரின் அரசு பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. பங்கீட்டில் கிடைத்த தானியம் வயிற்றுக்குப் போதவில்லை. மிச்சத்தை மரச்சீனியே நிரப்பியது. புரையிடத்தில் நாலு மூடு இருந்தவர்கள் தப்பித்தார்கள். நிலமில்லாமல் கயிறு திரித்து வாழ்ந்த சேர்த்தலைத் தொழிலாளிகள் மிகக் கொடுமையாக அடிபட்டார்கள். கே.ஜி. சிவசாமி 1945-இல் வெளியிட்ட, 1943–44-ஆம் ஆண்டுகளின் திருவிதாங்கூர் உணவுப் பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் பற்றிய நூல் இந்தக் காலத்துக்கு முதன்மைச் சான்று. வங்காளப் பஞ்சத்தின் நிழலில் திருவிதாங்கூரின் துயரம் இன்றும் போதிய கவனம் பெறவில்லை. கிழங்கு உயிரைக் காத்தது, உடம்பைக் காக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பேச்சிப்பாறை அணைநீரில் விளைந்த நாஞ்சில் நாட்டு நெல் கேரளத்தின் கணக்கிலிருந்து போயிற்று. திருவனந்தபுரத்துக்கு அரிசி இப்போது இன்னொரு மாநிலத்திலிருந்து வர வேண்டியதாயிற்று. ஏழாண்டு கழித்து, 1963-இல், நகரத்தின் வடக்கே ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1971-இல் அது ஹெச்-97, ஹெச்-165, ஹெச்-226 என்ற ஒட்டு இனங்களை வெளியிட்டது. 1977-இல் வந்த ஓர் இனத்துக்கு ஸ்ரீவிசாகம் என்று பெயரிட்டார்கள். அரசர் பயிரின் பெயரிலும் நிலைத்தார். இந்த இனங்களின் வாழ்வு பிரிந்து போனது கவனிக்கத்தக்கது. ஹெச்-165, ஹெச்-226 இரண்டும் சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசி, மாவு ஆலைகளுக்கான பயிராக வேரூன்றின. அங்கே 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு உருவாகும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது. திருவனந்தபுரத்து வீடுகளுக்கோ மாவுச்சத்து முக்கியமில்லை. வெந்தால் பூப்போல விரிய வேண்டும், கசக்கக்கூடாது. ஆகவே விளைச்சல் குறைந்தாலும் பழைய நாட்டு இனங்களையே புரையிடத்தில் வைத்துக்கொண்டார்கள்.

இதே ஆண்டுகளில்தான் நிலச்சீர்திருத்தம் நடந்தது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், குடிகிடப்புக்காரர்களுக்கு ஊராட்சியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து சென்ட், பெருநகரில் மூன்று சென்ட் என்று குடியிருப்பு நிலத்துக்கு உரிமை தந்தது. வேறொருவர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர் தம் விருப்பப்படி ஒரு கம்பு நட முடிந்தது அப்போதுதான். 1970களின் நடுவில் கேரளத்தில் மரச்சீனிப் பரப்பு மூன்று லட்சம் ஹெக்டேரைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. அந்தப் பரப்பு முழுவதையும் பத்து சென்ட் வீடுகள் நிரப்பவில்லை. ஆனால் அன்றாடச் சமையலில் கிழங்குக்கு இருந்த உறுதியான இடத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பத்து சென்ட் வேண்டும்.

அடுக்களை விஷயம் பொருளாதார விவாதமாக மாறியதும் திருவனந்தபுரத்தில்தான். 1971-இல் பொருளியலாளர்கள் தாண்டேகரும் ரத்தும் நாளுக்கு 2,250 கலோரியை அளவுகோலாக வைத்து இந்திய வறுமையைக் கணித்தபோது, கேரளம் மிக ஏழை மாநிலங்களில் ஒன்றாக வந்தது. உள்ளூரில் தொடங்கியிருந்த வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த பி.ஜி.கே. பணிக்கர் 1972-இல் இதை எதிர்த்து எழுதினார். மலிவான மரச்சீனியைக் கணக்கில் எடுக்காமல் கேரளத்தின் கலோரியை அளக்க முடியாது என்பது அவர் வாதத்தின் மையம். பொருளியலாளர் கே.என். ராஜ் வழிகாட்டலில் ஐக்கிய நாடுகளுக்காக அம்மையம் தயாரித்து 1975-இல் வெளியான வறுமை, வேலையின்மை பற்றிய ஆய்வும் இந்த வழியில் சென்றது. பிற்காலத்தில் கேரள மாதிரி என்று உலகம் பேசிய பேச்சின் தொடக்கத்தில் இந்தக் கிழங்கு இருக்கிறது.

கலோரி போதும் என்ற கணக்குக்கு எதிர்ப்பக்கமும் அதே நகரத்தில் எழுந்தது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் பி.ஜே. கீவர்கீஸ் 1960களில் ஏழை இளைஞர்களிடம் கணையத்தில் கல் சேர்ந்து நீரிழிவாக முற்றும் நோயை விரிவாக ஆராய்ந்தார். கிழங்கின் சயனைடு காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது. மரச்சீனியே உண்ணாத வட்டாரங்களிலும் இந்நோய் காணப்பட்டதால் அந்த விளக்கம் பின்னர் தளர்ந்தது. ஐயம் மட்டும் நெடுநாள் மக்கள் பேச்சில் தங்கிவிட்டது.

1970களின் உச்சத்துக்குப் பின் வீழ்ச்சி விரைவாக நடந்தது. 1964–65 முதலே ரேஷன் கடை ஒவ்வொரு வீட்டுக்கும் அரிசியை எட்டச் செய்திருந்தது. வளைகுடாப் பணம் வந்தது. மலைச்சரிவுகளை ரப்பர் எடுத்துக்கொண்டது. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் விளைச்சலைத் தின்றது. பாகப்பிரிவினையில் புரையிடங்கள் துண்டானபோது, முற்றம் சிமென்ட் தளமானது, பின்பக்கம் இன்னொரு வீடானது. இன்று பயிர்ப்பரப்பு அன்றைய உச்சத்தில் கால் பங்குகூட இல்லை. 1998-இல் ஸ்ரீகாரியம் வெளியிட்ட ஸ்ரீஜயா, ஸ்ரீவிஜயா இனங்கள் ஆறேழு மாதத்தில் விளைந்துவிடும். நெல் அறுத்த வயலிலும் இடைக்காலப் பயிராகப் போடலாம். காலம் சுருங்கியதால் குத்தகை விவசாயிக்கு லாபம். மூன்று சென்ட் வீட்டுக்காரருக்கு அதனால் மாற்றமில்லை. அவர் மரச்சீனியைச் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்குகிறார்.