மினசோட்டாவின் தவளைகளும் ஒரு சிறு பள்ளியும்

அரசு நிதியில் தன்னாட்சியுடன் இயங்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கு, அமெரிக்காவிலேயே முதன்முதலாக 1991இல் சட்டம் இயற்றிய மாநிலம் மினசோட்டா. அதன்வழி 1994இல் தோன்றிய மினசோட்டா நியூ கன்ட்ரி பள்ளியில், மாணவர் தாமே தேர்ந்து மேற்கொள்ளும் செயல்திட்டமே கல்வியின் மையம்.

1995 ஆகஸ்டில் ஹென்டர்சன் அருகே ஒரு பண்ணைக் குளத்துக்குச் சென்ற அப்பள்ளிச் சிறுவர்கள், தாம் பிடித்த தவளைகள் பலவற்றின் கால்கள் குறைந்தும் திரிந்தும் இருக்கக் கண்டனர். வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர்களோ எண்ணிக் குறித்தனர். செய்தி மாநில மாசுக் கட்டுப்பாட்டு முகமையை எட்டியது. பிற இடங்களிலிருந்தும் இத்தகைய தகவல்கள் குவிந்தன. தேர்வுத்தாள் எதுவும் எழுப்பியிராத வினா அது.

பூச்சிக்கொல்லியா, புற ஊதாக் கதிரா என அறிவியலாளர் வாதிட்டனர். 1999இல் வெளியான ஓர் ஆய்வு, தட்டைப்புழு ஒட்டுண்ணியைக் காரணமாகக் காட்டியது; எனினும் எல்லாக் குளங்களுக்கும் அவ்விடை பொருந்தவில்லை.